விரல் விட்டு எண்ணினால் 1023

"விரல் விட்டு எண்ணிவிடலாம்" என்று நம் ஊரில் சொன்னால் எண்ணிக்கை ரொம்பக் குறைவு என்று அர்த்தம். ஐந்து, மிஞ்சிப் போனால் பத்து. இதையே ஒரு புரோகிராமரிடம் சொல்லிப் பாருங்கள். "பத்து விரல் இருந்தால் 1023 வரை எண்ணலாமே" என்பார். கிண்டல் இல்லை, நிஜமாகவே எண்ணிக் காட்டுவார்.

பொட்டி தட்டுகிறவர்களுக்கு இப்படிச் சில பழக்கங்கள் உண்டு. எதையும் பூஜ்யத்திலிருந்து எண்ண ஆரம்பிப்பார்கள். ஒரு வரி 80 எழுத்தைத் தாண்டினால் முகம் சுளிப்பார்கள். வரியை உள்ளே தள்ளி எழுத டேப் தட்டுவதா ஸ்பேஸ் தட்டுவதா என்று மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ சடங்கு சம்பிரதாயம் மாதிரி இருக்கும்.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்க ஆரம்பித்ததற்குக் காரணம், கல்லூரி லேபில் ஒரு ஜூனியர் கேட்ட கேள்வி. அவன் எழுதியிருந்த சி புரோகிராமில் எல்லா வரிகளும் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. கொஞ்சம் தள்ளி எழுதுப்பா என்றேன். "ரன் ஆகுதுல்லண்ணா? அப்புறம் எதுக்கு உள்ளே தள்ளித் தள்ளி எழுதணும்? மார்க்குக்கா?" என்றான். "அப்படித்தான் எழுதணும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன உடனே எனக்கே வெட்கமாகிவிட்டது. ராத்திரியில் நகம் வெட்டக்கூடாது என்பதற்கு வீட்டில் கிடைக்கிற பதில் இது. விளக்கு வெளிச்சம் போதாத காலத்தில் அதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். காரணம் போய்விட்டது, விதி மட்டும் நிற்கிறது. புரோகிராமர்களின் பழக்கங்களும் அப்படித்தானா?

சில அப்படித்தான். சில அப்படி இல்லை. எது எது என்று தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

அட்டை போட்ட சட்டம்

80 எழுத்துக் கணக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். 1928ல் ஐபிஎம் நிறுவனம் ஒரு துளை அட்டையை அறிமுகப்படுத்தியது. மூன்றேகால் அங்குல அகலம், ஏழரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான நீளம். அதில் 80 நெடுவரிசைகள். ஒரு நெடுவரிசையில் போடும் துளைகள் ஒரு எழுத்தைக் குறிக்கும். அதாவது ஓர் அட்டையில் 80 எழுத்துக்கு இடம். அப்போது புரோகிராமர் என்ற ஜாதியே பிறக்கவில்லை. கணக்கெடுப்புக்கும் அலுவலகக் கணக்குகளுக்கும்தான் அட்டை பயன்பட்டது.

1957ல் ஜான் பேக்கஸும் அவர் குழுவினரும் ஐபிஎம் 704 இயந்திரத்துக்காக ஃபோர்ட்ரான் மொழியைக் கொடுத்தபோது, இதே அட்டைதான் எழுதும் தாள் ஆனது. ஓர் அட்டைக்கு ஒரு வரி. முதல் ஐந்து இடங்கள் வரியின் எண்ணுக்கு. ஆறாவது இடத்தில் ஏதாவது குறி இருந்தால், இது முந்தைய அட்டையின் தொடர்ச்சி என்று பொருள். ஏழிலிருந்து 72 வரை கட்டளை. 73 முதல் 80 வரை என்ன எழுதினாலும் கம்பைலர் கண்டுகொள்ளாது.

அது ஏன் 72? அந்த இயந்திரத்தில் ஒரு 'வேர்டு' என்பது 36 பிட். அதன் அட்டை படிக்கும் கருவி, ஒரு கிடை வரிசையை இரண்டு வேர்டுகளாகப் படித்தது. 36ஐ இரண்டால் பெருக்கினால் 72. அவ்வளவுதான் ரகசியம்! மிச்சமிருந்த எட்டு இடங்களில் புரோகிராமர்கள் அட்டைக்கு வரிசை எண் போட்டுக்கொண்டார்கள். ஆயிரம் அட்டை அடுக்கைக் கை தவறிக் கீழே போட்டவர்களுக்குத்தான் அந்த எண்ணின் அருமை தெரியும். இன்னும் சிலர் அடுக்கின் விளிம்பில் குறுக்காக ஒரு கோடு இழுத்து வைப்பார்கள். அடுக்கு கலைந்தால் கோட்டைப் பார்த்தே சேர்த்துவிடலாம்.

அட்டைகள் போய்விட்டன. ஆனால் 1971ல் வந்த ஐபிஎம் 3270 திரையும், 1978ல் வந்த விடி100 திரையும், 1981ல் வந்த ஐபிஎம் பிசியும் வரிக்கு 80 எழுத்து காட்டின. பைத்தான் மொழிக்கு 2001ல் எழுதப்பட்ட நடைமுறைக் குறிப்பு வரிக்கு 79 எழுத்து என்றது. லினக்ஸ் கெர்னலில் 80ஐத் தாண்டினால் எச்சரிக்கும் கருவி, 100 வரை விட்டுக்கொடுக்கும்படி 2020ல்தான் தளர்த்தப்பட்டது. 1928ன் அட்டைக்கு 92 ஆண்டு ஆயுள்.

இது யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. சின்ன வரி படிக்கவும் வசதிதான். ஆனால் அதே அட்டையின் இடநெருக்கடி இன்னொரு பழக்கத்தையும் வளர்த்தது: வருடத்தை இரண்டு இலக்கத்தில் எழுதுவது. 80 இடத்தில் பெயர், எண், தொகை, தேதி எல்லாம் அடங்க வேண்டும் என்றால் 1965ல் 19 எதற்கு? இடம் மிச்சம். அட்டை போய் டிஸ்க் வந்த பிறகும் பழக்கம் தொடர்ந்தது. 2000 பிறக்கப்போகிறது என்றதும் உலகமே பழைய கோபால் புரோகிராம்களைத் தோண்டி எடுத்துத் திருத்த வேண்டியதாயிற்று. நம் நாட்டின் மென்பொருள் கம்பெனிகளுக்கு அந்தத் திருத்தும் வேலை நல்ல வருமானம் தந்தது வேறு கதை.

ஐ, ஜே, கே

லூப் எழுதும்போது எண்ணும் மாறிக்கு ஐ என்று பெயர் வைக்கிறோம். உள்ளே இன்னொரு லூப் என்றால் ஜே, அதற்கும் உள்ளே கே. ஏன் என்று கேட்டால் "எல்லோரும் அப்படித்தான்" என்போம். கணிதத்தில் வரிசை எண்ணைக் குறிக்க இந்த எழுத்துகளைப் போடுவது பழைய வழக்கம். ஃபோர்ட்ரான் அதைச் சட்டமாக்கியது. ஐ முதல் என் வரையுள்ள ஆறு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் பெயர் என்றால் முழு எண். மற்ற எழுத்துகளில் தொடங்கினால் தசம எண். தனியாக அறிவிக்கத் தேவையில்லை. அந்தச் சட்டத்தைக் கேள்விப்பட்டே இராத நாமும் ஐ, ஜே, கே என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

உள்ளே தள்ளி எழுதுதல்

இப்போது ஜூனியரின் கேள்விக்கு வருகிறேன். ஃபோர்ட்ரானின் ஏழாம் இடம் கட்டாயம். ஆனால் அதற்குப் பிறகு, கட்டளைக்கு நடுவே இடைவெளி விட்டாலும் ஒன்றுதான், விடாவிட்டாலும் ஒன்றுதான். கம்பைலர் இடைவெளிகளை விழுங்கிவிடும்.

1960ல் வந்த ஆல்கால் மொழி ஒரு பெரிய மாற்றம் செய்தது. சில கட்டளைகளை 'பிகின்', 'எண்ட்' என்ற இரண்டு சொற்களுக்கு நடுவே ஒரு தொகுதியாகக் கட்டலாம். தொகுதிக்குள் இன்னொரு தொகுதி, அதற்குள் இன்னொன்று. எந்த இடத்தில் எழுத வேண்டும் என்ற அட்டைச் சட்டமும் இல்லை. இந்த அடுக்கைக் கண்ணுக்குக் காட்டத்தான் உள்ளே தள்ளி எழுதுவது அவசியமானது. சி மொழியில் பிகின், எண்டுக்குப் பதில் நெளி அடைப்புக்குறி வந்தது. அடைப்புக்குறி கம்பைலருக்கு, இடைவெளி மனிதனுக்கு என்று வேலை பிரிந்தது.

இது வெறும் அழகு விஷயமா? 1983ல் மியாரா, மசல்மன், நவாரோ, ஷ்னைடர்மன் ஆகிய நான்கு பேர் இதைச் சோதித்தார்கள். ஒரே புரோகிராமை வெவ்வேறு அளவு தள்ளி எழுதிக் கொடுத்து, படிப்பவர்கள் எவ்வளவு புரிந்துகொள்கிறார்கள் என்று கேள்வி கேட்டுப் பார்த்தார்கள். இரண்டிலிருந்து நான்கு இடம் தள்ளியதுதான் நன்றாகப் புரிந்தது. அதற்கு மேல் தள்ளினால் பலன் கூடவில்லை. லினக்ஸ் கெர்னல்காரர்கள் மட்டும் எட்டு இடம்தான் என்று பிடிவாதமாக இருக்கிறார்கள். மூன்று அடுக்குக்கு மேல் உள்ளே போனால் திரையின் வலது ஓரம் வந்துவிடும். அப்போதாவது புரோகிராமைத் திருத்தி எழுதுவாய் என்பது அவர்கள் வாதம்.

டேப்பா, ஸ்பேஸா என்ற சண்டைக்கு முடிவே இல்லை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2017ல் எடுத்த கணக்கெடுப்பில், ஸ்பேஸ் தட்டுகிறவர்கள் டேப் தட்டுகிறவர்களைவிட அதிகம் சம்பாதிப்பதாக வந்தது. இதைப் படித்துவிட்டு ஸ்பேஸுக்கு மாறினால் சம்பளம் கூடும் என்று நினைக்க வேண்டாம்!

டேப் பற்றி ஒரு உண்மைக் கதை உண்டு. 1976ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்ற கருவியை எழுதினார். பல கோப்புகளாகச் சிதறிக் கிடக்கும் புரோகிராமைத் தேவையான அளவு மட்டும் மறுபடி கம்பைல் செய்து கொடுக்கும் கருவி. அதில் கட்டளை வரி ஒவ்வொன்றும் டேப்பில்தான் தொடங்க வேண்டும். ஸ்பேஸ் போட்டால் பிழை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். இந்த விதி சரியில்லை என்று ஃபெல்ட்மனுக்குச் சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள், பெரும்பாலும் நண்பர்கள். அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று அப்படியே விட்டுவிட்டார். அந்தப் பத்துப் பன்னிரண்டு பேருக்குக் காட்டிய தயவுக்காக, அரை நூற்றாண்டாக எத்தனை பேர் அவதிப்பட்டார்களோ!

கண் ஒன்று படிக்க, கம்பைலர் வேறொன்று படிக்க

இந்த வரிகளைப் பாருங்கள்.

மழை பெய்தால்
    குடை எடு
    கொடியில் காயும் துணியை எடு

நாம் என்ன புரிந்துகொள்கிறோம்? மழை பெய்தால் குடையையும் எடுக்க வேண்டும், துணியையும் எடுக்க வேண்டும். ஆனால் சி மொழியில் அடைப்புக்குறி போடாமல் இப்படி எழுதினால், நிபந்தனை அடுத்த ஒரு கட்டளைக்கு மட்டும்தான். குடை மழைக்கு மட்டும். துணியை வெயிலடித்தாலும் எடுத்துவிடும். இடைவெளி நம்மிடம் ஒன்று சொல்கிறது, கம்பைலர் அதைக் கேட்பதே இல்லை.

இது ஏதோ லேப் பிழை என்று நினைத்துவிடக் கூடாது. 2014 பிப்ரவரி 21 அன்று ஆப்பிள் நிறுவனம் ஐபோனுக்கும் ஐபேடுக்கும் அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட்டது. நான்கு நாளில் மேக் கணினிகளுக்கும் வந்தது. பாதுகாப்பான இணைப்பில், எதிர்முனையில் இருப்பது உண்மையான சர்வர்தானா என்று அதன் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கும் பகுதியில் பிழை. அங்கே வரிசையாகச் சில சோதனைகள் இருந்தன. ஒவ்வொன்றும், தவறு என்றால் கடைசிக்குத் தாவு என்ற வடிவம். அதில் ஓர் இடத்தில் தாவும் வரி இரண்டு முறை இருந்தது.

சோதனை தவறினால்
    கடைசிக்குத் தாவு
    கடைசிக்குத் தாவு

முதல் தாவல்தான் நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவது, சோதனை சரியாக இருந்தாலும் தாவிவிடும். அதற்குப் பிறகு இருந்த முக்கியமான சோதனை, கையெழுத்தைச் சரிபார்ப்பதே, நடக்கவே இல்லை. அதுவரை பிழை எதுவும் வராததால் கடைசியில் 'எல்லாம் சரி' என்ற பதில் போனது. ஒரே வைஃபையில் உட்கார்ந்திருக்கும் திருடன், உங்கள் வங்கி நான்தான் என்று சொன்னால் ஐபோன் நம்பியிருக்கும். இத்தனைக்கும் அந்த நிரலை ஆப்பிள் எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டிருந்தது. இரண்டாவது வரியும் ஒழுங்காக உள்ளே தள்ளித்தான் எழுதப்பட்டிருந்தது. அந்த ஒழுங்குதான் படிப்பவர் கண்ணை ஏமாற்றியது.

2016ல் வந்த ஜிசிசி கம்பைலரின் ஆறாம் பதிப்பு, இடைவெளியும் அர்த்தமும் பொருந்தாவிட்டால் எச்சரிக்க ஆரம்பித்தது. அதுவரை இடைவெளியைத் திரும்பிப் பார்க்காத கம்பைலர், மனிதன் எப்படிப் படிப்பான் என்று முதல்முறையாக யோசித்தது என்று சொல்லலாம்.

இதற்கு இன்னொரு தீர்வு ஏற்கனவே இருந்தது. 1966ல் பீட்டர் லாண்டின் ஒரு கட்டுரையில், உள்ளே தள்ளுவதையே இலக்கணமாக்கிவிட்டால் என்ன என்று கேட்டார். கால்பந்தாட்டத்திலிருந்து பெயர் எடுத்து அதை 'ஆஃப்சைடு விதி' என்றார். ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வகத்தில் உருவான ஏபிசி மொழியும் இடைவெளியைக் கொண்டே தொகுதி பிரித்தது. அந்தக் குழுவில் வேலை செய்த கைடோ வான் ராசம் 1991ல் வெளியிட்ட பைத்தான் அதே வழியில் போனது. பைத்தானில் அடைப்புக்குறிப் பேச்சே இல்லை. கண் படிப்பதையே மொழியும் படிக்கும். இப்படி ஒரு வரி அங்கே இரட்டித்திருந்தால் இரண்டும் நிபந்தனைக்குள்ளேயே இருந்திருக்கும். ஒரு கெடுதலும் வந்திருக்காது.

பூஜ்யத்திலிருந்து

பத்துப் பேர் வரிசையில் நின்றால் நமக்கு ஒன்று முதல் பத்து. புரோகிராமருக்குப் பூஜ்யம் முதல் ஒன்பது. ஃபோர்ட்ரான் ஒன்றிலிருந்துதான் எண்ணியது. 1967ல் கேம்பிரிட்ஜின் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் உருவாக்கிய பிசிபிஎல் மொழியில் பூஜ்யம் வந்தது. அதன் வழியில் பிறந்த சி மொழியில் நிலைத்தது. அங்கே எண் என்பது 'எத்தனையாவது' இல்லை, 'ஆரம்பத்திலிருந்து எவ்வளவு தூரம்'. பஸ் கிளம்பும் இடத்தில் தூரம் பூஜ்யம்தானே? நினைவகத்திலும் முதல் பொருள், ஆரம்ப முகவரியிலிருந்து பூஜ்ய தூரத்தில் இருக்கிறது.

1982ல் டைக்ஸ்ட்ரா கைப்பட எழுதிய ஒரு சிறு குறிப்பில், இயந்திரத்தைப் பற்றிப் பேசாமல் கணக்கை வைத்தே இதை நியாயப்படுத்தினார். பூஜ்யத்தில் ஆரம்பித்து, மொத்த எண்ணிக்கைக்குச் சற்று முன்பே நிறுத்தினால், முடிவு எண்ணிலிருந்து ஆரம்ப எண்ணைக் கழித்தாலே மொத்தம் வந்துவிடும். ஒன்றைக் கூட்டுவதா கழிப்பதா என்ற குழப்பம் குறையும். இயந்திரத்துக்காக வந்த பழக்கம்தான், யோசித்துப் பார்த்தால் மனிதனுக்கும் நல்லதாகவே அமைந்துவிட்டது.

கடைசியாக விரல்கள்

விரலில் எண்ணுவது இன்று நேற்று வந்ததில்லை. இங்கிலாந்துத் துறவி பீட், 725ல் எழுதிய நூலில் விரல்களை மடக்கி 9999 வரை காட்டும் முறையை விவரித்தார். நம் வீடுகளில் பெரியவர்கள் கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணுவார்கள். விரலுக்கு மூன்று என்று ஒரு கைக்குப் பன்னிரண்டு.

பைனரி முறையில் விரலுக்கு இரண்டே நிலை: நீட்டினால் ஒன்று, மடக்கினால் பூஜ்யம். லைப்னிட்ஸ் 1703ல் பூஜ்யத்தையும் ஒன்றையும் மட்டும் கொண்ட கணக்கு முறையைப் பற்றி எழுதினார். இன்றைய கணினி அதில்தான் ஓடுகிறது. கட்டைவிரலுக்கு மதிப்பு 1, ஆள்காட்டிக்கு 2, நடுவிரலுக்கு 4, மோதிர விரலுக்கு 8, சுண்டுவிரலுக்கு 16. மூடிய கை பூஜ்யம். கட்டைவிரலும் ஆள்காட்டியும் நீட்டினால் 3. ஐந்தும் நீட்டினால் 31. அடுத்த கையில் 32, 64, 128, 256, 512. எல்லாவற்றையும் கூட்டினால் 1023. பூஜ்யத்தையும் சேர்த்தால் 1024 நிலைகள். கிலோபைட்டுக்கு 1000 என்று சொல்லாமல் 1024 என்று சொல்லும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரியும். செய்து பார்க்கும்போது 4 வந்தால் மட்டும் கையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளுங்கள். நடுவிரல் மட்டும் நிற்கும்! 132க்கு இரண்டு கையிலும் அதே கதி.

இதனால் என்ன லாபம்? ஒரு கையில் 31 வரை வந்தபின் இன்னொன்று கூட்டிப் பாருங்கள். இடமில்லை. எல்லா விரலும் மடங்கி மறுபடி பூஜ்யம். 'ஓவர்ஃப்ளோ' என்பதைப் புத்தகத்தில் படிப்பதைவிடக் கையால் செய்தால் பயம் புரியும். யூனிக்ஸ் கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் நேரத்தை நொடிகளாக எண்ணுகின்றன. 32 பிட்டில் எண்ணுகிற இயந்திரத்துக்கு 2038 ஜனவரி 19 அன்று கை நிறைந்துவிடும். அடுத்த நொடி அதன் தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடும். 64 பிட்டுக்கு மாறிய கணினிகளுக்கு இந்தக் கவலை இல்லை. மாறாமல் ஏதாவது ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் பழையவற்றுக்கு உண்டு. அட்டையில் இரண்டு எழுத்து மிச்சம் பிடித்த பழக்கத்தின் தம்பிதான் இது.

ஆக, உள்ளே தள்ளி எழுதுவது கம்பைலர் கண்டுகொள்ளாத மனிதப் பழக்கம். விரலில் பைனரி எண்ணுவது மனிதன் கற்றுக்கொண்ட இயந்திரப் பழக்கம். இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, எது யாருக்காக என்று மறந்துபோகும்போதுதான் விபத்து நடக்கிறது.

ஜூனியரிடம் போய்ச் சொல்ல என்னிடம் இப்போது ஒரு பதில் இருந்தது. "ரன் ஆகிறதுக்கு இல்லடா. உனக்குப் பிறகு படிக்கிறவனுக்கு. ஆனா கம்பைலரும் அதைப் பார்க்குதுன்னு மட்டும் நம்பிடாதே, அடைப்புக்குறியையும் போடு." அவன் தலையாட்டிவிட்டு வரிகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ள ஆரம்பித்தான். பாதியில் கை நின்றது. மூடாமல் விட்டிருந்த நிபந்தனை ஒன்று அவன் கண்ணிலேயே பட்டுவிட்டது.